மாப்பிள்ளைக் காருக்கு ஒரு கேம்ஷாஃப்ட்

கேம்ஷாஃப்ட் எவ்வளவு பெரிதோ கார் அவ்வளவு வேகம் என்று நம்பியிருந்தேன். ஐம்பதை எட்டப்போகிறவன் இதை எழுதக் கை கூசத்தான் செய்கிறது.

என்னிடம் ஒரு பழைய அமெரிக்கக் கார் இருக்கிறது. கூரையை வெட்டித் தாழ்த்தி, முன்மூடியைக் கழற்றி, எஞ்சின் ஊருக்கே தெரியும்படி வைத்திருக்கிறேன். மனைவி அதை என் இரண்டாம் தாரம் என்பாள். அக்காவின் மகனுக்குக் கலியாணம் நிச்சயமானதும், மாப்பிள்ளையை அதில்தான் கோயிலுக்கு ஏற்றிப்போவேன் என்று வாய்விட்டுவிட்டேன். தாய்மாமன் அல்லவா.

லெ பிளாங்-மெனில் என்ற பிரெஞ்சுப் புறநகரில் இருக்கும் நம்மூர் மெக்கானிக்கிடம் கேம்ஷாஃப்ட் மாற்றப் போனேன். எஞ்சினின் வால்வுகள் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற தண்டுதான் கேம்ஷாஃப்ட். அவர் பெரிதும் சிறிதுமாய் இரண்டு கேம்ஷாஃப்ட் பெட்டிகளை மேசையில் வைத்தார்.

"எங்கை ஓடப்போறியள், அண்ணை?"

கோயில் இருக்கிற லா ஷப்பலில் ஒரு சிவப்பு விளக்கிலிருந்து அடுத்த சிவப்பு விளக்குக்கு என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ரேஸ் ஓடுற ஆக்கள் எதைப் போடுவினம்?" என்று கேட்டேன்.

"இந்தப் பெரிசை. ஆனால் மெல்லப் போகேக்கை எஞ்சின் நிண்டுபோம். உங்களுக்கு மற்றது காணும்."

போதும் என்கிற அந்தக் 'காணும்' என்னைச் சுட்டது. கலியாண வீட்டில் நாலு பேர் கேட்டால், சின்னதுதான் போட்டிருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சேலைக் கடையிலும் மேல்தட்டில் இருப்பதைத்தானே இறக்கச் சொல்கிறோம். பெரியதையே போடச் சொன்னேன்.

கலியாணத்தன்று காலை நல்ல நேரம் பார்த்துச் சார்செலில் அக்கா வீட்டிலிருந்து புறப்பட்டோம். மற்றவர்கள் முன்னால் போய்விட, காரில் மாப்பிள்ளையும் நானும் மட்டும். புறப்பட்ட மாப்பிள்ளை நடுவழியில் இறங்கக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. நெடுஞ்சாலையில் கார் சிங்கம். லா ஷப்பல் மெட்ரோப் பாலத்தடியில் சிவப்பு விளக்கு. எஞ்சின் இருமிச் செத்தது. சாவியைத் திருப்பினால் உயிர் வரும். கியரைப் போட்டால் மறுபடி சாவும். ஆறாம் தரம் பற்றரியும் கைவிரித்தது.

பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. தலைக்குமேல் மெட்ரோ தடதடத்தது. தாழ்ந்த கூரைக்குள் தலைப்பாகை கொள்ளாததால் மாப்பிள்ளை அதை மடியில் பிள்ளைபோல வைத்திருந்தான். நான் பிள்ளையாரில் தொடங்கி, பதற்றத்தில் கிறிஸ்தவர்களின் மடு மாதாவையும் கூப்பிட்டுவிட்டேன். போனில் அக்கா.

"எங்கையடா நிக்கிறாய்? முகூர்த்தம் முடிய இருபது நிமிசம்தான் கிடக்கு!"

"கிட்ட வந்திட்டம் அக்கா!" அது பொய்யில்லை. கோயில் ஐந்து நிமிட நடை.

மாப்பிள்ளை கதவைத் திறந்தான்.

"மாமா, நான் நடக்கிறன்."

"இறங்காதை! கொம்மா என்னைக் கொல்லுவா!"

"தாலி கட்டவேண்டியது நான். நீங்கள் காரைப் பாருங்கோ."

தலைப்பாகையை வைத்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி வீதியைக் கடந்து போனான்.

தாலி நேரத்துக்கு ஏறியது. நான் அதைப் பார்க்கவில்லை. இழுவை வண்டி வரும்வரை பாலத்தடியில் காருக்குள் இருந்தேன்.