பாட்டுக்கு நடுவே வந்த பேச்சு

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வருகிறவர்களை இருட்டறையில் உட்கார வைத்து, மூக்கில் கனத்த சட்டம் ஒன்றை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா? இல்ல, இதுவா?" என்று கேட்பதுதான் நாள் முழுக்க வேலை. வீட்டுக்கு வந்த பிறகாவது அந்தக் கேள்வி ஓயுமா என்றால், ஓயாது. சட்டையைக் கழற்றும் முன்பே ஒரே ராகத்தின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்து ஓடவிட்டு, அகப்பட்டவரைப் பிடித்து, "இதுவா, அதுவா?" என்பார். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு அத்தான்" என்று சொன்னால் போச்சு. அன்றைக்கு நம்மை மனுஷனாகவே மதிக்க மாட்டார்.

படுக்கையறைச் சுவர் ஒன்று முழுக்க அவருடைய கேசட்டுகள். அக்காவின் புடவைகளுக்குக் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டிதான் மிஞ்சியது. அவர் பெருமைப்படுவதெல்லாம் ஒரு விஷயத்துக்கு: சுத்தம். பழைய கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். இருமல், கைதட்டல், நாற்காலி இழுக்கிற சத்தம், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பாடகர் பேசுகிற பேச்சு, எல்லாவற்றையும் வெட்டி எறிவார். "பாட்டுக் கேக்க வந்தவனுக்கு ஊர்க்கதை எதுக்கு மாப்ள?" என்பார். வெட்டி முடித்ததும் அதே கேசட்டின் மேல் வேறு கச்சேரியைப் பதிவு செய்துவிடுவார். சிக்கனமாம்.

அவருக்கு உயிரான பாடகி ஒருவர் இருந்தார். சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். கடையில் கிடைப்பவை இரண்டு மூன்று இசைத்தட்டுகள்தான். ஆனால் அந்தப் பாடகி வீட்டிலேயே நடத்திய கச்சேரிகளைப் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ பதிவு செய்து வைத்திருக்க, அது எப்படியோ கைமாறிக் கைமாறி அத்தானிடம் வந்து சேர்ந்தது. உலகத்தில் வேறு யாரிடமும் கிடையாது என்பார். அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு நாள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அம்மா ஒருவர் லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் வேண்டும் என்று கடைக்கு வந்தார். இருட்டறையில் மெல்ல ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எழுத்துப் பலகையைப் பாதி படித்த அந்த ஓட்டுநரம்மா நிறுத்திவிட்டு, "இது எங்க அம்மா" என்றார்.

அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உங்க அம்மாவா! என்கிட்ட அவங்க வீட்டுக் கச்சேரி எல்லாமே இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க."

"அதுல அவங்க பேசறது இருக்குமா சார்? பாட்டு எத்தனையோ தடவை கேட்டாச்சு. பேச்சுதான் கேட்டதே இல்ல. நான் நடை பழகறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டார் அத்தான். வாய் முந்திக்கொண்டது. அந்த அம்மா படியிறங்கிப் போன பிறகுதான், தான் வெட்டி எறிந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது.

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து கடைசிவரை ஓடவிட்டுத் தேடினார். பாட்டு முடியும், அடுத்த பாட்டு பிடித்துக்கொள்ளும். நடுவில் ஒரு தும்மல்கூட இல்லை. "கழுவித் துடைச்ச தட்டு மாதிரி இருக்கு மாப்ள" என்றார் என்னிடம். கடையில் யாருக்கோ வலது கண் லென்ஸை இடதிலும் இடதை வலதிலும் எழுதிக் கொடுத்து முதலாளியிடம் திட்டு வாங்கினார். நானும் பதறிப் போனேன். இந்த மனுஷர் பதறி நான் பார்த்ததே இல்லை.

"இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானேங்க?" என்றாள் அக்கா.

"இல்லைன்னு சொல்லலாம். 'இருந்துச்சு, நான்தான் வெட்டிப் போட்டேன்'னு எப்படிச் சொல்றது?"

அக்காவுக்குத்தான் முதலில் தோன்றியது. "ஏங்க, அந்தக் கல்லு?"

எனக்கும் சட்டென்று நினைவு வந்தது. ஒரு கல்யாணி ராக ஆலாபனையின் நடுவில், தம்பூரா ஒலிக்கும்போதே அந்தப் பாடகி யாரிடமோ ஏதோ பேசிவிட்டு மறுபடி பாடியிருந்தார். அதை வெட்டினால் சுருதியும் சேர்ந்து வெட்டுப்படும். வெட்டவும் முடியாமல் கேட்கவும் பிடிக்காமல் அத்தான் "சோத்துல கல்லு" என்று வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்தார். அதே பாடகி வேறொரு நாள் பாடிய சுத்தமான கல்யாணி கையில் இருந்ததால், கடைசியில் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமலே தெருமுனை மருந்துக்கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அதில்தான் சிக்கல். மருந்துக்கடைக்காரர் அத்தானோடு சேர்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள். தனக்குக் கழித்துக்கட்டியதைக் கொடுத்துவிட்டு நல்லதையெல்லாம் வைத்துக்கொண்டான் என்று அவருக்குக் கோபம். "உன் சுத்தமான கல்யாணியைவிட இதுதான்யா ஒசத்தி" என்று அவர் சொல்ல, அத்தான் கடையில் நின்ற நாலு பேர் முன்னால் சிரித்துவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. அக்கா தலைவலி மாத்திரை வாங்கக்கூட அடுத்த தெருவுக்குப் போக வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தான் துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். மருந்துக்கடைக்காரர் எங்களைப் பார்த்தும் பார்க்காதவர் போல, வந்தவர்களுக்கெல்லாம் இருமல் மருந்தை எப்படிக் குலுக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்த பிறகு, "என்ன வேணும்?" என்றார்.

"அந்தக் கல்யாணி."

"எது? சோத்துல கல்லு கிடக்குமே, அதுவா?"

அத்தான் விஷயத்தை உளறிக்கொட்டிச் சொல்லி முடித்தார். அதன் மேல் வேறு எதையாவது பதிந்து அழித்திருப்பாரோ என்ற பயம் அவருக்கு.

"பத்திரமா இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர். "தர்றேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு எடுத்துட்டுப் போ. உன்னோடதைவிட என்னோடது ஒசத்தின்னு சொல்லு."

"சொல்லித் தொலைங்க அத்தான்" என்று அவர் இடுப்பில் கிள்ளினேன்.

அத்தான் வாயைத் திறந்தார். மூடினார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "அன்னிக்கு அவங்களுக்குத் தொண்டை சரியில்லய்யா. மேல போகும்போது நடுங்குது. எப்படிய்யா ஒசத்தின்னு சொல்றது?" என்றார், அழாத குறையாக.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். காரியம் கெட்டது என்றே நினைத்தேன். மருந்துக்கடைக்காரர், "நீ செத்தாலும் திருந்த மாட்டே" என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்குக் கீழேயிருந்து கேசட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநரம்மா வந்தார். அக்கா டீ கொடுத்தாள். நாடா சிக்கி அறுந்துவிடுமோ என்று அத்தான் பொத்தானை அழுத்திய விரலை எடுக்காமலே நின்றார். ஆலாபனை மேலே போயிற்று, நிஜமாகவே கொஞ்சம் நடுங்கியது. பிறகு பாட்டு நின்று, தம்பூராவுக்கு மேல் ஒரு சாதாரணக் குரல் கேட்டது: "யாராவது அந்தக் கதவச் சாத்துங்களேன். பாப்பா முழிச்சுக்கப் போறா." உடனே விட்ட இடத்திலேயே பாட்டைப் பிடித்துக்கொண்டது.

"இன்னொரு தடவை" என்றார் ஓட்டுநரம்மா. மறுபடி போட்டார். அதற்குப் பிறகும் கேட்டார். டீ ஆறி ஏடு படிந்துவிட்டது.

"வீட்டுல வேற குழந்தை கிடையாது சார். நான் ஒருத்திதான்" என்றார். பிறகு, "மத்ததுல என்ன பேசறாங்க?" என்றார்.

அத்தான் உண்மையைச் சொன்னார். தலை நிமிரவே இல்லை. அந்த அம்மா சத்தம் போடுவார் என்று நான் பயந்தேன். போடவில்லை.

"வெட்டறதுக்கு முன்னாடி நீங்க கேட்டிருப்பீங்க இல்ல? என்ன சொன்னாங்கன்னு சொல்லுங்க, போதும்."

அத்தான் கேசட்டை நிறுத்தினார். "ஞாபகம் இல்லம்மா. எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு மட்டும்தான் கேட்டேன்." எந்த ராகத்தை யார் எப்படி முடித்தார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனுஷர். எனக்கே அவர் மேல் ஆத்திரம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஓட்டுநரம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டார். "ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?"

"சிரிச்சாங்க" என்றார் அத்தான் திடீரென்று. "மிருதங்கக்காரர் என்னமோ சொன்னாரு. அதுக்குச் சிரிச்சாங்க. வெட்டறதுக்குப் பெரும்பாடா இருந்துச்சு, நிக்கவே இல்ல அந்தச் சிரிப்பு."

"எப்படிச் சிரிச்சாங்க?"

ஒரு வரிகூடப் பாடி யாரும் கேட்டிராத அத்தான், கண்ணை இறுக மூடி, தொண்டையைக் கனைத்து, ஒரு பெண்பிள்ளை போலச் சிரித்துக் காட்டினார். தொண்டையில் ஏதோ சிக்கிய கோழி மாதிரி இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் உதட்டைக் கடித்தேன். ஓட்டுநரம்மாவால்தான் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நீளமான சிரிப்பு. முடியும் என்று நினைக்கும்போதெல்லாம் மறுபடி கிளம்பி, கடைசியில் மூச்சு உள்ளே இழுத்து நின்றது.

அத்தான் கண்ணைத் திறந்தார். இரண்டு பதிவுகளை வைத்துத் தீர்ப்புச் சொல்லும்போது தூக்குவாரே, அதே மாதிரி ஒரு கையைத் தூக்கினார்.

"இதேதான்" என்றார். "அந்தக் கடைசி மூச்சு வரைக்கும். கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லம்மா."

முந்தின நாள் மருந்துக்கடையில் ஒரு பொய் சொல்ல வாய் வராமல் வேர்த்து நின்ற மனுஷர் அவர். அது அந்த அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, பை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல், மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.