விளக்குக்குக் கண்ணாடி போட்டவர்

டீ கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, விளிம்பை நகத்தால் சுண்டிய பிறகுதான் வள்ளித்தாய் டீயைக் குடிப்பார். "குமிழி விழுந்திருக்கு பாருங்க. சூளையில அவசரப்பட்டுட்டான்" என்பார். அந்த அவன் யார் என்பது யாருக்கும் தெரியாது. அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். அதையும் ரசித்தே குடிப்பார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் கண்ணாடிக் கடை. கணவர் உமாசங்கர் அலுமினியச் சட்டம் பிடிப்பார், கண்ணாடி வெட்டுவது வள்ளித்தாய். வயது நாற்பத்து நான்கு. கையில் ரப்பர் வளையல். கேட்டால், "கடையில உடையுதது காணாதா, கையிலயும் உடையணுமா" என்பார். கல்யாண வீட்டில் எல்லோரும் பெண்ணின் பட்டுப்புடவையைப் பார்க்கும்போது இவர் பரிசாக வந்த சாமி படத்தின் கண்ணாடி எத்தனை எம்.எம். என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு பழக்கம் மட்டும் யாருக்கும் பிடிப்பதில்லை. கண்ணாடி உடைந்தால் வள்ளித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிடும். கெட்ட எண்ணம் கிடையாது. தும்மல் மாதிரி, அடக்க முடியாது. "சிரிக்காத. ஆளுவ பாக்காவ" என்று உமாசங்கர் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். அவர் சிரித்து அக்கம்பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

போன ஆனியில், சாரல் பிடித்த ஒரு காலை, குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தும் முத்துகுமரன் மழைக்கோட்டோடு வந்து நின்றார். கையில் துண்டில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் இரண்டாகப் பிளந்த ஒரு நீளக் கண்ணாடி.

"யக்கா, இதே மாதிரி ஒண்ணு வேணும். இன்னைக்கே."

"எதுக்கு தம்பி, மேசைக்கா?"

"விளக்குக்கு."

"ஏன், அதுக்குக் கண்ணு தெரியலையாக்கும்?" தன் பேச்சுக்குத் தானே சிரித்தார் வள்ளித்தாய்.

முத்துகுமரன் சிரிக்கவில்லை. அருவி பார்க்க வருகிறவர்களுக்குக் கடலையும் காட்டலாமே என்று லாட்ஜ் வரவேற்பறையில் ஐந்தடி உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார். அதற்குள் உயிருள்ள பவளங்கள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே எல்.ஈ.டி. விளக்கு. மோட்டார் கிளப்பும் அலையில் உப்புத் துளிகள் தெறித்து விளக்கை அரித்துவிடும் என்பதால் நடுவில் இந்தக் கண்ணாடி. சூடாக இருக்கும்போதே கழற்றிக் குழாயில் காட்டினார், பிளந்துவிட்டது. கம்பெனியில் கேட்டால் நாற்பது நாள் ஆகும் என்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளக்கைப் போட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"வெளிச்சம்தான் பவளத்துக்குச் சாப்பாடு."

"பவளம் கழுத்துல போடுததுல்லா. அது எப்ப சாப்பிட ஆரம்பிச்சுது?"

ஷட்டரை இறக்கிவிட்டு அவரோடு பார்க்கப் போனார். தொட்டியில், நமுத்துப்போன பொரியுருண்டை மாதிரி நாலைந்து சுருங்கிக் கிடந்தன. "பட்டினி கிடக்குக்கா" என்றார் முத்துகுமரன். அந்த ஒரு சொல் வள்ளித்தாயைப் பிடித்துக்கொண்டது. நாளைக்கே கண்ணாடியோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

முதலில் சாதாரண ஜன்னல் கண்ணாடி. அரை மணியில் வெட்டி, மறுநாள் காலையில் மாட்டியாயிற்று. வெளிச்சம் குளத்துத் தண்ணீர் மாதிரி பச்சையடித்தது. அடுத்த நாளே முத்துகுமரன் போனில் கூப்பிட்டார். "விளக்குச் சூட்டுல தண்ணி தெறிச்சு உடைஞ்சிட்டுக்கா." வள்ளித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்துகுமரன் போனை வைத்துவிட்டார். வள்ளித்தாய் வெகு நேரம் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது, சூடு தாங்குகிற டஃபன் கண்ணாடி. மதுரைக்கு அளவு சொல்லி, நாலு நாளில் பார்சலில் வந்தது. அளவில் இரண்டு எம்.எம். கூடிவிட்டது, விளக்கின் கவ்வியில் உட்காராது.

"அதைத் தொடாத. ஓரத்துல கல்லு பட்டா மொத்தமும் போயிரும்" என்றார் உமாசங்கர்.

"லேசாத்தான் தேய்க்கப் போறேன்."

"லேசாவும் கூடாது."

அவர் சாப்பிட உள்ளே போன நேரம் பார்த்து, வள்ளித்தாய் மூக்குக்கு மேலே பெரிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தைக் கல்லில் வைத்தார். டம்மென்று ஒரு சத்தம். கையில் பிடித்திருந்தது காணாமல் போய், கடை முழுக்கக் கண்ணாடி கற்கண்டாக இறைந்து கிடந்தது. தலையில், மேசையில், டீ கிளாஸுக்குள். சோற்றுக் கையோடு ஓடிவந்த உமாசங்கர், கற்கண்டுக்கு நடுவே காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனைவியைப் பார்த்தார். இந்த முறை முதலில் சிரித்தது அவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, இருமி, மறுபடி சிரித்தார். என்ன ஏது என்று எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் அவரே சொன்னார். "பரண் மேல நகைக்கடை ஷோகேஸ் கண்ணாடி மிச்சம் கிடக்குல்லா."

வள்ளித்தாய் பரணை நிமிர்ந்து பார்த்தார். மூன்று வருஷமாக அதை யாருக்கும் விற்காமல் வைத்திருக்கிறார். மற்றக் கண்ணாடியெல்லாம் ஓரத்தில் பச்சையாகத் தெரியும், இது மட்டும் ஊற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். மனசு சரியில்லாத நாளில் இறக்கித் துடைத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிவிடுவார்.

"அதுல கை வைக்கச் சொல்லுதீங்களா?"

"பட்டினி கிடக்குன்னு நீதானே சொன்ன."

மறுநாள் லாட்ஜுக்குப் போய், விளக்கை ஒரு மணி நேரம் எரியவிட்டு, சூட்டோடு அளவெடுத்தார். "சூட்டுல கண்ணாடி வளரும் தம்பி. நாலு பக்கமும் அதுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கணும்." பரணிலிருந்து அதை இறக்கி, கடைசியாக ஒரு முறை துடைத்துப் பார்த்துவிட்டு வெட்டினார். கோடு நேராக விழுந்தது. ஓரம் தேய்த்து, டஃபன் செய்ய மதுரைக்கு அனுப்பி, ஆறாம் நாள் வாங்கிவந்து மாட்டினார். கிளிக் என்று உட்கார்ந்தது.

உடனே எதுவும் நடக்கவில்லை. அடுத்த நாளும் போனார், பவளங்கள் சும்மா கிடந்தன. மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, ஒரு பொரியுருண்டை ஓரத்தில் பச்சையாக ஒரு விரலை நீட்டியது. பிறகு ஊதாவில் இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

"ஏட்டி, எந்திச்சிட்டியா" என்றார் வள்ளித்தாய், தொட்டியைப் பார்த்து, மெதுவாக.

அருவியில் குளித்து எண்ணெய்த் தலையும் ஈரத் துண்டுமாக வந்தவர்களெல்லாம் தொட்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். முத்துகுமரன் முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார். அவரும் என்னவென்று தெரியாமலே பதிலுக்குக் குலுக்கினார். சாவி கேட்டு வந்த ஓர் அம்மாவுக்கு, இது சாப்பிடுகிறது என்று வள்ளித்தாய் விளக்கிக்கொண்டிருந்தார். எதை என்று அந்த அம்மா கேட்டார். வள்ளித்தாய் மேலே விளக்கைக் கை காட்டினார்.

காட்டிய கை அங்கேயே நின்றது. அலை ஒன்று எழும்பி, ஒரு துளி தெறித்து, புதுக் கண்ணாடியின் அடியில் போய் ஒட்டி, விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. துடைக்கத் துணியோடு முத்துகுமரன் வந்தார். அவரைக் கையமர்த்திவிட்டு, வள்ளித்தாய் குதிகாலை உயர்த்தி எட்டி, அந்தத் துளியை ஒரு விரலால் வழித்தெடுத்து, சமைத்ததை ருசி பார்ப்பதுபோல நாக்கில் வைத்துக்கொண்டார்.