ஏழு எல்லைக் கற்கள்

இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனையிலிருந்து டயகமவுக்குப் போகும் பாதைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்போம். பக்கத்துத் தோட்டத்தோடு எங்கள் தோட்டத்தை ஒன்றாக்கியபோது ஸ்டோரை மூடிவிட்டார்கள். கொழுந்து லாரியில் அங்கே போயிற்று. தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் குடும்பத்தோடு போனார். இயந்திரங்களைக் கழற்றி ஏற்றினார்கள். ஆனால் அரசாங்கத்துத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இனி இங்கே ஆபத்து இல்லை என்று கையெழுத்துப் போடும்வரை ஒருவர் காவல் இருக்க வேண்டுமாம். ஸ்டோரில் கணக்கு எழுதும் கிளாக்கராக இருந்த எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. என்னை விட்டுவிட்டுப் போனார்கள்.

ஸ்டோரின் மாடிகளில் நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல்கள். எண்ணுவது எனக்கு அந்த நாளிலேயே வந்துவிட்ட பழக்கம். இன்றும் மாத்திரையை விழுங்குமுன் குப்பியில் மீதி எத்தனை என்று பார்க்காமல் இருக்க முடியாது. காற்று பலமாக அடித்தால் ஒரு கண்ணாடி போகும். போனதை யாரிடம் சொல்வது? தோட்டத்தை நிர்வகித்த தொரை பக்கத்துத் தோட்டத்து பங்களாவுக்குப் போய்விட்டார். தொழிலாளர்கள் குடியிருந்த லயம் கீழே வெகு தூரத்தில். பனி இறங்கிவிட்டால் அதன் கூரைகூடத் தெரியாது. ஒரு கிழமையின் ஏழு நாளும் நான் வாய் திறந்து பேசிய வார்த்தைகளை எண்ணியிருந்தால் ஒரு தந்திக்குக் கூடக் காணாது.

முதல் தடவை வந்த இன்ஸ்பெக்டர் கட்டடத்தைவிடப் பின்புற நிலத்தைத்தான் அதிக நேரம் பார்த்தார். அங்கே ஒரு தகரக் கொட்டகையில் புல்லைக் கொல்ல அடிக்கும் மருந்தைப் பீப்பாய்களில் வைத்திருந்தார்கள். பீப்பாய்கள் துருப்பிடித்து, மருந்து பல வருஷமாக மண்ணில் இறங்கியிருந்தது. கொட்டகைக்குக் கீழே ஒரு சிறு ஊற்று கசிந்தது. பீப்பாய்களை அகற்றச் செய்தார். மண்ணை மழை கழுவ வேண்டும், மறுபடி சோதிக்கும்வரை யாரும் அந்த மண்ணைக் கிளறவோ தண்ணீரை எடுக்கவோ கூடாது என்றார். சுற்றிலும் கல் நட்டுச் சிவப்பு அடிக்கச் சொன்னார்.

ஆற்றிலிருந்து உருண்டைக் கற்கள் கொண்டுவரச் செய்து நட்டேன். வளைந்த இடங்களைக் கணக்குப் பார்த்ததில் ஏழு கல் சரியாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மலையில் கடைசிக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பின்புறத்தில் பேச்சுக் குரல் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால் நான்கு பெண்கள். ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, செவ்வந்திப் பூ சாத்தியிருந்தார்கள்.

"யாரு இதெல்லாம் வச்சது?" என்று கத்தினேன்.

"கல்ல நீங்கதானே வச்சீங்க, கிளாக்கரையா? நாங்க பொட்டுதான் வச்சோம்" என்றாள் அவர்களில் மூத்தவள்.

"ஏழு கல்லு, செவப்புப் பூசி, தண்ணிப் பக்கமா. கன்னிமாரு இல்லாம வேற யாராம்?" என்றாள் இன்னொருத்தி.

நீர் இருக்கும் இடத்தில் குடியிருக்கும் ஏழு கன்னிமாரை எனக்கும் தெரியும். எங்கள் அப்பாவின் ஊரில் வாய்க்கால் கரையில் இருப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆறோ எட்டோ கல் நட்டிருக்கலாமே என்று அப்போதுதான் உறைத்தது.

"இது எல்லைக்கல். இந்த மண்ணுல ரசாயனம் ஊறியிருக்கு. கிட்ட வரக்கூடாது" என்றேன்.

கடைசியில் நின்றவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஒண்டிக்கட்டையா இருக்கமேன்னு ஏழு பொண்ணுங்கள கொண்டாந்து வச்சுக்கிட்டு, எங்கள வரவேணாங்கிறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு, அவள் சொன்னதை நினைத்து அடுப்படியில் தனியாகச் சிரித்தேன்.

மறுநாளே எட்டாவது கல் ஒன்றை நட்டுச் சிவப்பு அடித்தேன். எட்டென்றால் கன்னிமார் இல்லையே. இன்ஸ்பெக்டருக்கும் தொரைக்கும் ஆளுக்கொரு கடிதம் எழுதினேன். முள்ளுக்கம்பி வந்ததும் அனுப்புவதாகத் தொரை பதில் போட்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். எட்டாவது கல்லுக்குக் கறுப்புத் துணி கட்டி, முன்னால் ஒரு சுருட்டு வைத்தார்கள்.

"பொம்பளப் புள்ளைங்களுக்குக் காவல் இல்லையேன்னு நெனச்சோம். நீங்களே கருப்பனையும் கொண்டாந்துட்டீங்க. வெவரம் தெரிஞ்ச ஆளுதான்" என்றாள் மூத்தவள்.

எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் கல்லுக்கு உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று கும்பிட்டதால் நானும் கொஞ்சம் தணிந்தேன். போகும்போது ஒரு இலையில் சுண்டல் வைத்துக் கொடுத்தார்கள். "கிளாக்கரையா ராவைக்கு என்ன சமைச்சீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பருப்பு என்றேன். "தெனமும் பருப்பா?" என்றாள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை பகலிலேயே முகச்சவரம் செய்து வாசலைக் கூட்டி வைத்தேன். அன்று மூத்தவள் தன் மருமகளைக் கூட்டி வந்திருந்தாள். ஆறேழு மாத வயிறு. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம். மருமகளை வெளியே நிற்க வைத்துவிட்டு, மாமியார் கல்லைத் தாண்டி ஊற்றில் செம்பை முக்கினாள்.

நான் பாய்ந்து போய்க் குறுக்கே நின்றேன். "அத குடுக்காதீங்க!"

"நீங்கதானே சொன்னீங்க, ரசாயனம் ஊறின மண்ணுன்னு? ரசாயனம்னா வைத்தியரு குடுக்கிற லேகியந்தானே. ஒடம்புக்கு நல்லது."

நான் சொன்னது பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தை. அவள் தனக்குத் தெரிந்த பொருளில் எடுத்துக்கொண்டாள். "அந்த ரசாயனம் இல்ல. புல்லு மருந்து தெரியுமில்ல? போன வருஷம் அத தின்னுட்டு ரெண்டு மாடு செத்துச்சே? அந்த மருந்துதான் இந்த மண்ணு பூரா எறங்கியிருக்கு. இந்தத் தண்ணியிலயும் இருக்கு."

அவள் செம்பைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். "யாராச்சும் இதுக்கு முந்திக் குடிச்சீங்களா?" என்று கேட்டேன். இல்லை, இன்றுதான் முதல் தடவை என்றாள். தண்ணீரைக் கீழே கொட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப ஆத்தாமாரு எட்டுப் பேரும் அந்த நஞ்சுலயா நிக்கிறாங்க?" என்றாள்.

"ஏழு பேரு" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். "ஆமா" என்றேன்.

"வயசுப் பொண்ணுங்கள இப்படி ஒரு எடத்துல நிக்க வைக்கலாமா நீங்க? படிச்சவருதானே?" என்றாள். உண்மையாகவே கோபப்பட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை லயத்திலிருந்து ஆண்களும் வந்தார்கள். கற்களுக்குப் பதில் கம்பி வருவதால் நான் தடுக்கவில்லை. கற்களைத் தோண்டி எடுத்து, என் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றி மூன்று தடவை கழுவி, துணி சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். லயத்துப் பீலிக்குப் பக்கத்தில், குடிதண்ணீர் விழும் இடத்தில் வைக்கப் போவதாகச் சொன்னார்கள். "நீங்களும் வாங்க" என்று மூத்தவள் கூப்பிட்டாள். அன்றைக்குத்தான் முள்ளுக்கம்பி வரும் நாள். நான் இல்லாமல் நிலம் திறந்து கிடக்கக் கூடாது. அவர்கள் அடித்துக்கொண்டு போன தப்பின் சத்தம் பாதை வளைவுவரை கேட்டது.

கம்பி கொண்டுவந்த ஆட்களும் நானுமாக ஐந்து வரிசை அடித்தோம். அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமை பின்புறத்தில் சத்தம் இல்லை. லயத்துப் பீலிக்கரைக் கோயிலுக்குச் சும்மா போய் நிற்க ஒரு கிளாக்கருக்கு அந்த நாளில் வழக்கம் இல்லை. போனால் தொரை ஏதோ விசாரிக்க அனுப்பினார் என்று நினைப்பார்கள். மூன்று மாதம் கழித்து, கொழுந்து லாரி டிரைவரைப் பாதையில் மறித்து மருமகளைப் பற்றிக் கேட்டேன். பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்றான். என்ன பெயர் வைத்தார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். மண்ணும் தண்ணீரும் குப்பிகளில் எடுத்துக்கொண்டார். கம்பியை இழுத்துப் பார்த்தார். ஓரத்தில் புல் மடங்காமல் நிற்பதைக் குனிந்து கவனித்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், "மனுசன் வாறதா இங்க?" என்று கேட்டார்.

"யாரும் வர்றதில்ல, சார்."

"நல்லது. ரொம்ப நல்லது" என்றார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாமே என்றேன். கார் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.