அம்மா விட்டு எழுந்த நாற்காலி

ஏழாம் வகுப்பில் என் கை ஒடிந்தபோது, வலியைவிடப் பெருமைதான் எனக்கு அதிகம். என்னைத் தள்ளிவிட்டவனை டி.சி. கொடுத்து அனுப்பக் கூட்டம் போட்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்லும் ஐந்து பேரில் என் அம்மாவும் ஒருத்தி. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருந்தாள். அப்புறம் எனக்கென்ன கவலை?

சேரன்மகாதேவிப் பக்கம், ஆற்றை ஒட்டியது எங்கள் பள்ளி. என்னைத் தள்ளியவன் அக்கரைக்காரன். தண்ணீர் குறைந்த நாட்களில், உடுப்பைப் பையில் கட்டித் தலையில் வைத்து, துண்டோடு ஆற்றைக் கடந்து வந்து படித்துறையில் மாற்றிக்கொள்வான். இந்தப் பள்ளியை விட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ்ஸுக்குக் காசில்லை, படிப்பு அதோடு சரி.

அந்த ஐந்து பேரில் கடைக்கார அண்ணாச்சி ஒருவர் அவசரப்பட்டார். "கைய ஒடிச்ச பயட்ட என்ன சார் கேக்கது? டி.சி.ய எழுதுங்க. எனக்குக் கடை கிடக்கு."

அம்மா எழுந்துவிட்டாள்.

"அடிபட்டது என் பிள்ளை. இதுல நான் இருக்கப்படாது சார். ரெண்டு பேர் சொல்லையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

"நீங்களே எந்திரிச்சா எப்படிம்மா?" என்றார் தலைமையாசிரியர். அம்மா வெளியே போய், அழுதுகொண்டிருந்த அவன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

முதலில் அவனைக் கேட்டார்கள். "படித்துறையில வச்ச என் உடுப்ப ஒளிச்சு வச்சிட்டான் சார். ஈரத் துண்டோட வந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதான் தள்ளுனேன்."

"உண்மையாலே?" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கண் அம்மாவின் நாற்காலிக்குப் போனது. அது காலியாக இருந்தது. "ஆமா" என்றேன்.

டி.சி. இல்லை. அவன் மூன்று நாள் பள்ளிக்கு வரக்கூடாது; நானும் மூன்று நாள் வரக்கூடாது. "நல்ல பிள்ளையளப் பெத்திய போங்க" என்று முனகிக்கொண்டே அண்ணாச்சி கடைக்குப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். "நீ அங்கனயே உக்காந்திருந்தா என்னைக் காப்பாத்தியிருப்பல்லா?" என்றேன்.

"காப்பாத்தியிருப்பேம்லே. அதான் எந்திரிச்சேன்" என்றாள் அம்மா.

கூட்டத்தில் பேசப் பயந்துதான் அம்மா எழுந்து போனாள் என்று மூன்று நாளும் தெருப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.