பிரவுணிக்கு ஊசி, எனக்கு எம்பிலிப்பிட்டிய

எம்பிலிப்பிட்டிய சந்தையில் என்னைப் பேசி ஜெயித்தவர்கள் குறைவு. ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். இன்று என் கடையில் பில் போடுகிற பையன் ஏ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். கடை, லொறி, மாடிவீடு எல்லாம் இந்தக் கையால் வந்தவை, யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவன் ஒரே ஒருமுறை, ஒரு நாய் விஷயத்தில், என் அக்காவைப் பார்த்து வயிறு எரிந்து போனேன்.

நிவித்திகல பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், அப்போது இருந்தோம். எனக்கு ஒன்பது வயதிருக்கும். பிரவுணியை ரப்பர் மலை ஓரத்தில் குட்டியாகக் கண்டெடுத்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன் நான். பெயர் வைத்தவனும் நான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் குரல் கேட்டால் போதும், எங்கே இருந்தாலும் பறந்து வந்து நெஞ்சில் காலை வைத்து என்னை மல்லாக்கத் தள்ளிவிடும். அதைப் பார்க்கவே லயத்துப் பிள்ளைகள் கூடி நிற்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. சோறு வைப்பது அக்காதான். தின்று முடித்து அவளை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் என்னிடம் வந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அது இருமத் தொடங்கியது. மேடு ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கியது. எங்கள் பசுமாட்டைப் பார்க்க டவுனிலிருந்து வந்த மாட்டு டொக்டர் இதையும் பார்த்துவிட்டு, காலில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு அப்பா டவுனுக்குப் போய், டொக்டரின் பூதக்கண்ணாடிக் கருவியில் கண் வைத்துத் தானே பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் முகமே சரியில்லை.

"புழு நூல் நூலா நெளியுது. ரத்தத்துல இருக்கிறது குட்டியாம். பெருசெல்லாம் நெஞ்சுக்குள்ள கெடக்காம். ராவுல கடிக்கிற நுளம்பால வர்றதாம்."

லயத்துக் காம்பராக்களுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. அதனால் எங்கள் வீட்டுப் பேச்சில் பக்கத்துக் காம்பராப் பெரியப்பாவுக்கும் எப்போதும் பங்கு உண்டு.

"பூச்சிக்கு ஏன்டா இந்தப் பாடு?" என்று சுவருக்கு மேலே அவர் குரல் வந்தது. "டிஸ்பென்சரில புள்ளைங்களுக்குக் குடுக்கிற பூச்சி மருந்த ரெண்டு மூடி ஊத்திவிடு."

"அது வயித்துப் பூச்சிக்கு அண்ணே. இது நெஞ்சுல."

"நெஞ்சுக்கு எப்படிடா போச்சு?"

"அத நுளம்புகிட்டதான் கேக்கணும்."

டொக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று, இருமலுக்கு மாத்திரை கொடுத்து, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும் என்று விடுவது. வயிறு வீங்கிக் கஷ்டப்பட்டுத்தான் சாகும். மற்றது ஊசி. ஊசி விஷம் மாதிரி. புழு செத்துவிடும், ஆனால் செத்த புழு துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகும். அது கரைகிற வரைக்கும், ஒரு மாதத்துக்கும் மேலே, நாய் அசையாமல் கிடக்க வேண்டும். ஒருமுறை துள்ளி ஓடினாலும் மூச்சு அடைத்து அந்த இடத்திலேயே விழுந்துவிடலாம்.

"வேணாங்க, ஊசி போட்டு நாமளே ஏன் சாகடிக்கணும்?" என்றாள் அம்மா.

"ரப்பர் பால் வெட்டப் போறப்ப பின்னாலயே வந்து, பாதி மலையில படுத்துருது. அதப் பாத்துக்கிட்டு இருக்க ஏலாது புள்ள," என்றார் அப்பா.

பேசிப் பேசிக் கடைசியில் ஊசிதான் என்றானது. அப்போது அப்பா சொன்னார்: "டொக்டர் ஒன்னு கேட்டாரு. வீட்டுல யாரக் கண்டா இது ரொம்பத் துள்ளும்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை என்னை எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஊசி போட்டு வந்ததும் பிரவுணியை அடுப்போரம் சாக்கு விரித்துக் கட்டினார்கள். என்னைப் பெரியப்பா வீட்டுக்கு மாற்றினார்கள். அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெரியப்பா ஏதோ பகிடி சொன்னார், நான் சத்தமாகச் சிரித்தேன். சுவருக்கு மேலால் சிரிப்பு அந்தப் பக்கம் போய்விட்டது. கயிறு அறுகிற மாதிரி ஒரு இழுப்பு, பிறகு இருமல், அம்மாவின் அலறல். நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சாயந்திரமே என் உடுப்பைப் பையில் கட்டிவிட்டார்கள். எம்பிலிப்பிட்டியவில் மரக்கறிக் கடை வைத்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, லொறியோடு வந்திருந்தார்.

"நீ இருந்தா அது படுக்காதுடா," என்றார் அப்பா.

"அக்கா மட்டும் இருக்கலாமா?"

"அவகிட்ட அது சும்மா கெடக்கும்."

வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை நான். ஒரு நாய்க்காக என்னை வெளியே போட்டுவிட்டு, என் நாயை அக்கா மடியில் போட்டுவிட்டார்கள். எனக்கு அப்படித்தான் பட்டது.

மாமா கடையில் நான் சும்மா இருக்கவில்லை. தராசு பிடிக்கக் கற்றேன், சிங்களத்தில் கூவி விற்கக் கற்றேன். பக்கத்துக் கடைக்காரரே வந்து, "மல்லி, மெதுவாய்க் கத்து" என்று, தம்பி முறை சொல்லிக் கெஞ்சினார். ஆனால் கூவும்போதெல்லாம் உள்ளே ஒரே எரிச்சல். தோட்டத்துப் பக்கம் லோட் ஏற்றிப் போய்வரும் மாமாவிடம் ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"என்னையத் தேடுச்சா மாமா?"

"எங்க தேடுது? ஒங்க அக்கா மடியில தலைய வச்சு, ராசா மாதிரி கெடக்கு. தேடாம இருந்தாத்தான் நல்லதாம்."

அன்றைக்கு நான் தராசில் போட்ட கத்தரிக்காய் எல்லாம் அடிபட்டுத்தான் போனது.

நச்சரிப்புத் தாங்காமல் மாமா ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார். பேசக் கூடாது, அதன் கண்ணில் படக் கூடாது, தூர நின்று பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. லயத்துக்குக் கீழே, தேயிலைச் செடிக்குப் பின்னால் இருவரும் குனிந்து நின்றோம்.

வாசலில் சாக்கின்மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். பிரவுணியின் தலை அவள் மடியில். காதைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு மரக்கட்டை மாதிரி கிடந்தது. என் நெஞ்சில் ஒருநாளாவது அப்படித் தலை வைத்திருக்குமா?

பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கூப்பிடு, அது யார் நாய் என்று லயமே பார்த்துவிடும். வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒரு பயம் வந்தது. கூப்பிட்டு அது வராவிட்டால்? தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அவள் மடியிலேயே படுத்துக்கொண்டால்? அந்த வெட்கத்துக்கு வாயை மூடிக்கொண்டேன். நாயின் உயிரை நினைத்து மூடவில்லை. பிரவுணி பிழைத்து, பிறகு பல வருஷம் என்னைத் தள்ளித் தள்ளி விழுத்தியது என்றால், அந்தப் பாழாய்ப்போன பொறாமைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

போகத் திரும்பினபோது கீழேயிருந்து காற்று மேடேறி அடித்தது. பிரவுணி சட்டென்று தலையைத் தூக்கி, மூக்கை எங்கள் பக்கம் நீட்டியது. வால் சாக்கில் படபடவென்று அடித்தது. அக்கா இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, உடம்பையே அதன்மேல் சாய்த்து, முகத்தை அதன் முதுகில் புதைத்துக்கொண்டாள்.

"பாருங்க மாமா, எப்படிக் கொஞ்சுறான்னு," என்றேன்.

மாமா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். எழும்பப் பார்க்கிற ஒரு நாயை, தன் பலம் முழுவதையும் போட்டு ஒரு சின்னப் பெண் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவள் தோள் குலுங்கியது. நாயைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாள் என்று நினைத்து, லொறி வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.