மழையை வென்ற தொண்டை

எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் என் மூன்று மாடிக் கடைக்கு எதிரே கொத்தனார்கள் போட்டிருந்த தகரக் கொட்டகையில் நேற்று மழை தடதடத்தது. பழைய தெரு கண்முன் வந்துவிட்டது.

அப்போது தெரு முழுக்கத் தகரக்கூரைதான். மழை பிடித்தால் பக்கத்து ஆள் பேச்சும் கேட்காது; விலையை விரலால்தான் காட்டுவார்கள். ஒருநாள் அப்பாவின் காய்கறிக் கடைக்குக் கடல் தாண்டி மெயின்லேண்ட் கப்பலில் வந்த தக்காளி கனிந்துவிட்டது. அன்றே விற்காவிட்டால் குப்பைதான். அப்பாவின் குரல் மழையில் எடுபடவில்லை. நான் பெட்டிமேல் ஏறி, "டமாட்டர் லேலோ!" என்று, தக்காளி வாங்கச் சொல்லி இந்தியில் கத்தினேன். தெருவே திரும்பியது.

"டேய், அது தொண்டையா, கப்பல் ஹாரனா?" என்று என் காதருகே வந்து கேட்டார் எதிர்க்கடை மாமா.

கூடைகள் காலி. மூன்றாம் வகுப்போடு நின்ற என்னை முதலாளி ஆக்கியது அந்தத் தொண்டைதான்.

நேற்று கடையில் இருந்த மனைவியிடம் இதைச் சொன்னேன். "இப்ப கான்கிரீட் கட்டடம்ங்க, மெதுவாச் சொல்லுங்க" என்றாள்.

"மெதுவாத்தானே சொல்றேன்!"

மழையைத் தாண்டி அது காதில் விழுந்து, எதிர்வரிசைக் கடைக்காரர் சிரித்தார்.