நான் இளக்கிவிட்ட சேஃப்டி

மொன்றியலில் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணம் ஏற்றி இறக்கும் கவச வண்டியில் ஏழு வருடம் வேலை செய்தேன். அதில் மூன்று வருடம் எனக்குச் சோடியாக வந்தவர் திருகோணமலை அக்கா ஒருவர். நான் மட்டக்களப்பு. கம்பனியில் தமிழ் கதைக்க எங்கள் இரண்டு பேரையும் விட்டால் ஆளில்லை. அவருக்கு ரொக்ஸ்பரோவில் வீடு, கணவர், இரண்டு மகள்மார். மகள்மார் பிரெஞ்சில் சண்டை பிடிப்பதை அப்படியே நடித்துக் காட்டுவார். சிரித்து எனக்கு வயிறு நோகும்.

இடுப்பில் பிஸ்டலோடு திரிய இந்த நாட்டில் அனுமதி உள்ள சொற்பப் பேரில் நாங்களும் சேர்த்தி. அக்காவுக்குச் சின்னக் கை என்பதால் கம்பனி அவருக்குக் கையடக்கமான ஒன்றைக் கொடுத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சிறிய நெம்பு. மேலே தள்ளினால் விசை அசையாது. கீழே தள்ளினால்தான் சுடலாம். அதைத்தான் சேஃப்டி என்போம். ஒரு குளிர்காலத்தில் அக்கா வழுக்கி விழுந்து வலது பெருவிரல் முறிந்தது. எலும்பு பொருந்திய பிறகும் விரலில் பலம் வரவில்லை. அந்த நெம்பை அவரால் தள்ள முடியவில்லை. வருடாந்தச் சுடும் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

“தம்பி, உனக்கு மெஷின் வேலை தெரியும்தானே. இதக் கொஞ்சம் இளக்கி விடன்.”

“இதில நாங்க கை வைக்கக் கூடாது அக்கா. கம்பனி ஆளிட்டயே சொல்லுங்க.”

“சொன்னா விரலுக்கு என்னண்டு கேப்பாங்கள். பேந்து வீட்டுக்கு அனுப்பிப்போடுவாங்கள்.”

அடுத்த நாள் மதியம், நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு வாகனத் தரிப்பிடத்தில், சாப்பாட்டு நேரத்தில் வண்டிக்குள் இருந்தபடி அதைச் செய்தேன். முன்பு தையல் மெஷின் திருத்தும் கடையில் வேலை செய்தவன் நான். அக்காவில் இரக்கம் இருந்தது உண்மை. என் கைத்திறனைக் காட்டும் ஆசையும் இருந்தது. நெம்பு அவர் விரலுக்கு வெண்ணெய்போல் இறங்கியது. தேர்வில் தேறினார். எனக்கும் சேர்த்து இறால் குழம்பு கொண்டுவந்தார்.

இரண்டு கிழமை கழித்து, உறையில் இருந்த அவருடைய பிஸ்டலின் நெம்பு தானாகவே கீழே இறங்கிக் கிடந்ததைக் கண்டேன்.

“அக்கா, நான் அளவுக்கு மிஞ்சி இளக்கிப்போட்டன். திருப்பி இறுக்கித் தாறன்.”

“வெள்ளிக்கிழமை பாப்பம்.”

வெள்ளிக்கிழமை வேலை அதிகம். அவரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

அதற்கு அடுத்த செவ்வாய் காலை, கம்பனிக் கராஜில், அக்கா குண்டுகளை நிரப்பிய பிஸ்டலை உறைக்குள் செருகினார். குளிர் அங்கியின் கயிற்று முனை உறைக்குள் போய் விசையில் மாட்டிக்கொண்டது. சேஃப்டி மேலே நின்றிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சத்தம் கேட்டு நான் திரும்பியபோது அவர் நிலத்தில் இருந்தார். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் பார்த்தது. நான் என் இடுப்புப் பட்டியைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“நான்தான் இளக்கினது. விளங்குதோ? நான்தான்.”

விசாரித்தவர்களிடம் எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பிரெஞ்சில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம்.

மூன்று சத்திரசிகிச்சைகள். கால் மிஞ்சியது, ஊன்றுகோலோடு. வேலையும் அனுமதிப் பத்திரமும் போயின. நான் வேறொருவரோடு அதே வண்டியில் எட்டு மாதம் ஓடினேன். ஒரு ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனபோது, ஒன்றும் அறியாத கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, “நீங்க பக்கத்தில நிண்டபடியாத்தான் ஆள் தப்பினது. உங்களை நாங்க மறக்க மாட்டம்” என்றார். அக்கா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

திங்கள் காலை மேலாளரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவிடம் கேட்கவில்லை. என்னை அன்றைக்கே நிறுத்தினார்கள். பிறகு அக்காவை மறுபடி விசாரணைக்கு அழைத்தார்கள், முதலில் பொய் சொன்னதற்காக. ஊன்றுகோலோடு இரண்டு பின்னேரம் போய் இருந்து பதில் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு எனக்குப் போன் எடுத்தார்.

“என்ர பொய்யில ஒரு ஆளாவது தப்பியிருந்தது. இப்ப அதுவும் இல்லை. உமக்கு நெஞ்சு லேசாப் போச்சோ?”

மூன்று வருடம் என்னை ‘நீ’ என்று கதைத்தவர்.

“இல்லை அக்கா.”

“அப்ப ஏன் சொன்னனீர்?”

அவர் போனை வைத்துவிட்டார்.

இப்போது லவாலில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டுகிறேன். போன மாதம் மெட்ரோவில் அவருடைய மூத்த மகளைக் கண்டேன். “பொன்ஜூர்” என்றாள், மரியாதையாக. அம்மா எப்படி என்று கேட்டேன். அப்படியேதான் என்று பிரெஞ்சில் சொன்னாள். அடுத்த தரிப்பில் இறங்கினாள். நிலையத்தை விட்டு வெளியே போகவில்லை. அந்த மேடையிலேயே நின்று, அடுத்த மெட்ரோவுக்காகக் காத்திருந்தாள்.